விலையக்கா எழுதிய தாள்கள்

எங்கள் அலுவலகப் பதிவேட்டில் அவர் 'விலைச் சேகரிப்பாளர், இரண்டாம் நிலை'. கடைத்தெருவில் விலையக்கா. பத்தொன்பது வருடமாக மாதத்தின் முதல் பத்து நாளும் முப்பத்தெட்டுக் கடைகளுக்கு நடந்துபோய், இருநூற்று எண்பத்து நான்கு பொருள்களின் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். ஒன்றையும் வாங்க மாட்டார். ஆரம்பத்தில் கடைக்காரர்கள், "காலங்காத்தால வந்துட்டா, வாங்காத கிராக்கி" என்று முகத்தைச் சுளித்தார்களாம். பிறகு பழகிப்போய், இரண்டு மூன்று கடைகளில் அவர் உட்கார ஸ்டூலே எடுத்துப் போடுவார்கள்.

அவர் எழுதி வரும் தாள்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அவருடைய எழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஏழையும் ஒன்றையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. மற்றக் களப்பணியாளர்களின் தாள்களை வைத்துக்கொண்டு நான் பூதக்கண்ணாடி தேடுவேன், அக்காவின் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். தவறு என்று நான் திருப்பி அனுப்பியது பத்தொன்பது வருடத்தில் இரண்டே முறை. அதில் ஒரு முறை தவறு என்னுடையது.

முப்பது பேருடைய தாள்களும் சேர்ந்து மாதக் கடைசியில் ஒரே ஓர் எண்ணாக வெளியே போகும். போன வருடத்தைவிட விலைவாசி இத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று செய்தியில் சொல்வார்களே, அந்த எண். அதைப் பார்த்துத்தான் அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி. அதைப் பார்த்துத்தான் ஓய்வூதியம் ஏறும், ஆலைகளில் கூலிப் பேச்சு நடக்கும். "நாட்டோட குடுமியே எங்க வீட்டம்மா கையிலதான் இருக்கு" என்று அக்காவின் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அவர் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த சரக்குப் பெட்டிக் கிடங்கில் தூக்கு வண்டி ஓட்டுபவர். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு.

குழப்பம் சோப்பில் ஆரம்பித்தது.

எங்கள் பட்டியலில் 'குளியல் சோப்பு, நடுத்தர அளவு, ஒன்று' என்று இருக்கும். ஒரு நாள் தன் வீட்டில் குளிக்கும்போது அக்காவுக்குச் சோப்பு கைக்குள் அடங்கிப்போனது. முன்பெல்லாம் புதுச் சோப்பு கையை விட்டு வழுக்கி ஓடும். அட்டையை எடுத்துப் பார்த்தால், நூறு கிராம் என்று இருந்த இடத்தில் எண்பத்தைந்து. விலை அதே விலை. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து உதவி இயக்குநரின் மேசைமேல் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் வைத்தார்.

உதவி இயக்குநர் வயதில் சிறியவர், கெட்டவர் இல்லை. எதற்கும் விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்ல மாட்டார். புரட்டினார்.

"சோப்பு ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான் சார். ஆனா பழைய ஒண்ணு இல்லயே."

"விலை மாறியிருக்கா?"

"மாறல."

"அப்ப மாறலன்னு எழுதுங்க."

மாறவில்லை என்று எழுதினார். அடுத்த நான்கு மாதத்தில் பிஸ்கட் பொட்டலத்தில் இரண்டு பிஸ்கட் குறைந்தது. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பதினாறு பக்கம் காணாமல் போனது. தீப்பெட்டியில் குச்சிகள் தாராளமாக இடம் விட்டுப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே அக்கா பழைய விலையையே எழுதினார். எண் அசையவில்லை. செய்தியில் விலைவாசி நிலையாக இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டபோது தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல அவருக்குத் தோன்றியதாம். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லையே என்று திரும்பத் திரும்பத் தாளைப் பார்த்திருக்கிறார்.

அதற்குள் நாட்டில் டாலர் தீர்ந்துவிட்டது என்றார்கள். "டாலர் எப்படித் தீரும், அது என்ன மண்ணெண்ணெயா?" என்று அக்காவின் கணவர் கேட்டார். அக்கா அதை என்னிடம் வந்து கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாம் வெளியே விற்கிற சரக்குக்கு உலகத்தில் விலை விழுந்துவிட்டது, பழைய கடன்களுக்குத் தவணை வந்துவிட்டது, வருகிற டாலர் தவணைக்கே சரியாகப் போகிறது, பிறகு மருந்துக்கும் எரிபொருளுக்கும் எங்கே போவது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கடனை வாங்கி என்ன பண்ணினோம் தம்பி?" என்றார்.

இறக்குமதிக்குத் தடை வந்ததும் கிடங்குக்குப் பெட்டிகள் வருவது நின்றது. கணவருக்கு வாரத்தில் ஆறு நாளாக இருந்த வேலை இரண்டு நாளானது. மிச்ச ஐந்து நாளும் அவர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். மூன்றாவது முறை மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. அதிலிருந்து அக்கா அதற்கடியில் உட்காருவதை விட்டுவிட்டார்.

பால் பவுடரும் வெளியிலிருந்து வருவதுதான். ஏழைகளுக்கு எட்டவேண்டும் என்று அரசாங்கம் அதற்குக் கட்டுப்பாட்டு விலை வைத்தது. நானூறு கிராம் பொட்டலம் முந்நூற்று எண்பது, அதற்குமேல் விற்றால் கடைக்குச் சீல். இறக்குமதி செய்கிறவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை, கொண்டுவருவதை நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் கடைகளில் பால் பவுடர் அடுக்கு துடைத்துவைத்தது போல ஆனது. ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் என்ன எழுதுவது? விதிப்புத்தகம் சொன்னது: முந்தைய மாத விலையையே மறுபடி எழுதவும். ஆக, இல்லாத பால் பவுடர் எங்கள் கணக்கில் மாதாமாதம் முந்நூற்று எண்பதுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அக்கா போகும் மளிகைக் கடைகளில் ஒன்று கண்ணாடிக்காரருடையது. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், அறுபது வயது, எடைபோடும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த மாதம் அவர் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீ வெறும் நம்பர்தானே எழுதற? கடைப் பேரு வெளிய போகாதே?"

"போகாதுண்ணே. அது சட்டம். யார் கேட்டாலும் சொல்லக்கூடாது."

"அப்ப கேட்டுக்க. உள்ள ஏழு பொட்டலம் இருக்கு. எழுநூத்தம்பது. தெரிஞ்சவங்களுக்கு மட்டும். முந்நூத்தி எண்பதுக்கு விக்க எனக்கென்ன கிறுக்கா, நானே அறுநூத்தி எண்பது கொடுத்து வாங்கறேன்."

அக்கா அலுவலகம் வந்து கேட்டார். உதவி இயக்குநர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சட்டவிரோத விலையை அரசாங்கத் தாள்ல எப்படிம்மா எழுத முடியும்?" என்றார். கட்டத்தில் முந்நூற்று எண்பது என்று எழுதிவிட்டு, அக்கா தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே அதே குண்டு எழுத்தில் எழுதினார்: 'பால் பவுடர், முன் அடுக்கில் இல்லை, உள்ளே 750. சோப்பு எடை 85. பிஸ்கட் 10க்குப் பதில் 8.' முன்பக்கம் விதிக்கு, பின்பக்கம் தன் நிம்மதிக்கு. அன்றிலிருந்து எல்லாத் தாளுக்கும் அப்படித்தான். அவற்றைக் கணினியில் ஏற்ற எனக்கு வழியில்லை. படித்துவிட்டுக் கட்டி அலமாரியில் வைப்பேன்.

அக்கா வீட்டுக்குக் கீழே, தரைத்தளத்தில் ஒரு சின்னப்பெண் குடியிருந்தாள். பதினொரு மாத இரட்டைக் குழந்தைகள். கணவன் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தான். ஒரு காலையில் அக்கா குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவள் படிக்கட்டிலேயே வழிமறித்தாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று.

"அக்கா, நீங்க எல்லாக் கடைக்கும் போறீங்கல்ல? எங்கயாவது பால் பவுடர் இருக்கா?"

எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. ஆனால் சொல்லக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதி அது. "பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனார். தோளில் கிடந்த குழந்தை அழவே இல்லையாம், சும்மா வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்தார்.

"கண்ணாடிக்காரர் கடையில கேளு. ஆனா விலை எக்கச்சக்கம். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

அந்தப் பெண் சூதுவாது தெரியாதவள். கடைக்காரர் இல்லை என்று ஒருமுறை தலையாட்டியதுமே, "விலையக்கா இருக்குன்னு சொன்னாங்களே" என்று சொல்லிவிட்டாள். கடையில் அப்போது இன்னும் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் வேர்த்து விறுவிறுத்து, உள்ளே இருந்ததில் ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் முந்நூற்று எண்பதுக்கே கொடுத்துவிட்டார். அது தனக்கு வைத்த பொறி என்று நினைத்திருக்கிறார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் அக்கா போனபோது ஸ்டூல் இல்லை.

"பால் பவுடர் என்ன விலைண்ணே?"

"முந்நூத்தி எண்பது."

"உள்ள?"

"உள்ளன்னா என்ன? எனக்கு முன்னும் இல்ல, உள்ளும் இல்ல. அரசாங்கம் சொன்ன விலைதான் எங்க விலை. எழுதிக்குங்க மேடம்."

மேடம் என்ற சொல் செருப்பால் அடித்தது போல இருந்தது என்று அக்கா என்னிடம் சொன்னார். "அண்ணே, அந்தப் பிள்ளைக்கு ரெட்டைக் குழந்தை..." என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கவில்லை. சோப்பு, பருப்பு, எண்ணெய், எல்லாவற்றுக்கும் அச்சடித்த விலையைப் படித்தார். அந்த மாதம் அந்தக் கடைத் தாளின் பின்பக்கத்தில் அக்காவால் ஒன்றும் எழுத முடியவில்லை. "அந்தப் பொண்ணுக்குச் சொன்னது சரிதானே தம்பி?" என்று கேட்டார். சரிதான் என்றேன். "அப்ப அவரு கோபப்பட்டது?" அதுவும் சரிதான் என்றேன். "நல்லா சொன்ன போ" என்று எழுந்து போய்விட்டார்.

டாலருக்கு இவ்வளவுதான் என்று கட்டிவைத்திருந்த நம் பணத்தின் மதிப்பை, பிறகு ஒரு திங்கட்கிழமை அரசாங்கம் அவிழ்த்துவிட்டது, அது விழுந்தது. வெளிநாட்டு வங்கி ஒன்று புதிதாகக் கடன் தர அதுவும் ஒரு நிபந்தனை. அன்று அக்கா மொத்தச் சந்தையில் இருந்தார். ஒன்பது மணிக்குச் சர்க்கரை நூற்று எண்பது. எழுதிக்கொண்டார். பத்தரைக்கு அதே கடையைத் தாண்டினால் அட்டையில் இருநூற்றுப் பத்து. அடித்துவிட்டு எழுதினார். பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் அட்டையையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்ன விலை?" என்று கேட்டதற்கு, "நீங்க எவ்வளவு கொடுப்பீங்க?" என்றார். சாமான் வாங்க வந்தவர்களுக்கு மட்டுமல்ல, விற்க உட்கார்ந்தவர்களுக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. ஒரு பெண்மணி வரிசையில் நிற்கும்போதே விலை ஏறிவிட்டது என்று அழுதார். அவருக்குப் பின்னால் நின்றவர், இன்னும் ஏறும், சீக்கிரம் வாங்குங்க என்று அவசரப்படுத்தினார்.

என் மேசைக்கு வந்த தாளில் சர்க்கரைக்கு எதிரே மூன்று தொகைகள் இருந்தன. உதவி இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"இதுல எதும்மா சரியான விலை?"

"மூணுமே சரிதான் சார். நான் கண்ணால பாத்தேன்."

"கட்டம் ஒண்ணுதானே இருக்கு?"

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? சர்க்கரைகிட்டதான் சொல்லணும்."

நான் கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். உதவி இயக்குநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் நடுவிலிருந்த தொகையை வட்டமிட்டார்.

அந்த வருடம் எண் நாற்பத்தெட்டு வரை போயிற்று. மறுவருடம் அது பதினெட்டாக இறங்கியது. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் 'விலைவாசி சரிந்தது' என்று போட்டார்கள். அன்று மாலை அக்கா வீட்டு வாசலில் பத்திரிகையும் கையுமாக மூன்று பேர். அதில் ஒருவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர்.

"எங்கம்மா சரிஞ்சது? எந்தக் கடைன்னு சொல்லு. ரெண்டு பை எடுத்துக்கிட்டு இப்பவே போறேன்."

அக்கா விளக்கிப் பார்த்தார். விலை குறையவில்லை, விலை ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது என்றார். முன்பு மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி ஏறியது, இப்போது ஒவ்வொன்றாக ஏறுகிறது என்றார்.

"ஆக, ஏறிக்கிட்டுதான் இருக்கு?"

"ஆமா."

"அதுக்குப் பேரு சரிஞ்சதா?"

கணவர் உள்ளேயிருந்து, "நியாயமான கேள்வி" என்றார். தபால்காரர் கோபமாக வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லி என்ன பண்றது" என்று இறங்கிப் போனார். ஓய்வூதியம் ஏறும் என்று காத்திருந்தவர் அவர். பதினெட்டுக்கு ஏறும் தொகையில் கண்ணுக்கு மருந்து வாங்கினால் காதுக்கு வாங்க முடியாது.

கடன் தந்த வங்கியிலிருந்து மூன்று பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. நாங்கள் வெளியிடும் எண்ணை நம்பலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். இயக்குநர் எல்லா நாற்காலிக்கும் துணி உறை போடச் சொன்னார். வந்தவர்களில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், களப்பணியாளர் ஒருவருடன் பேசவேண்டும் என்றாள். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அக்காவை உட்காரவைத்தார்கள். மொழிபெயர்க்க ஒருவர். அந்தப் பெண் பால் பவுடரைத் தொட்டு, இந்த விலை எப்படி இரண்டு வருடமாக மாறாமல் இருக்கிறது என்று கேட்டாள். உதவி இயக்குநர், கட்டுப்பாட்டு விலை, விதி என்று ஆரம்பித்தார்.

அக்கா யாரையும் மாட்டிவிட நினைக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். "அது முன்பக்கம்" என்றார். "பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க."

அலமாரியிலிருந்து கட்டுகளை எடுத்துவந்து போட்டவன் நான்தான். இருபது மாதத் தாள்கள். கடைப் பெயர் இருந்த மேல்பட்டையை ஒவ்வொன்றிலும் மடித்துவிட்டுத்தான் அக்கா காட்டினார், அந்த உறுதியை இன்னொரு முறை மீற அவருக்கு மனமில்லை. மொழிபெயர்ப்பாளர் சோப்பு எடை, பிஸ்கட் எண்ணிக்கை, உள்ளே எழுநூற்றைம்பது என்று ஒவ்வொன்றாக வாசிக்க, அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனாள். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. போகும்போது அந்தப் பெண் அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள். பாராட்டா, அனுதாபமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

அக்காவுக்குத் தண்டனை ஏதாவது வரும் என்று நாங்கள் பயந்தோம். பாராட்டுக் கடிதம் வந்தது. புதிய முறை வந்தது. இனி எடையையும் பார்க்கவேண்டும், கிடைக்காத பொருளைக் கிடைக்கவில்லை என்றே எழுதவேண்டும், உண்மையில் விற்கும் விலையைத்தான் எழுதவேண்டும். பழைய மாதங்களைத் திருத்திக் கணக்குப் போட்டபோது பதினெட்டு என்பது முப்பத்தொன்று ஆனது. அன்று அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் கணவரிடம், "பாத்தீங்களா, நான் பைத்தியம் இல்ல" என்றாராம். தபால்காரர் படியேறி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தொன்றுக்கு ஓய்வூதியம் எவ்வளவு ஏறும் என்று அவர் மனக்கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

ஏறவில்லை. செலவைக் கூட்டமாட்டோம் என்று அரசாங்கம் அதே வங்கியிடம் கையெழுத்துப் போட்டிருந்தது. பஞ்சப்படி ஏறவேண்டும் என்று எண் சொன்னது, ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. ஒப்பந்தம் ஜெயித்தது. அக்காவின் சம்பளமும் அங்கேயே நின்றது. "எண் சின்னதா இருந்தப்பவும் ஏறல, பெரிசானப்பவும் ஏறல. பின்ன எதுக்குத் தம்பி நான் நடந்தேன்?" என்றார்.

அதே வாரம் பால் பவுடருக்கான கட்டுப்பாட்டு விலையை நீக்கினார்கள். அந்த விலை தாளில் மட்டும்தான் இருக்கிறது என்று, வந்துபோன வங்கிக்காரர்களின் அறிக்கையில் காரணம் சொல்லியிருந்தது. பொருள் தாராளமாக வரத் தொடங்கியது. கிடங்கில் பெட்டிகள் இறங்கின. கணவருக்கு மறுபடி வாரம் ஐந்து நாள் வேலை. சட்டையில் கிரீஸோடு வீட்டுக்கு வந்து, மின்விசிறியைத் தொடாமல் தூங்கினார். கண்ணாடிக்காரர் கடையில் பால் பவுடர் முன் அடுக்கிலேயே வரிசையாக நின்றது. அறுநூற்றுத் தொண்ணூறு. அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போனதால் கோபமும் குறைந்தது. தங்கச்சி என்று கூப்பிடவில்லை, ஆனால் ஸ்டூலைக் காலால் நகர்த்தி இந்தப் பக்கம் தள்ளினார். அதோடு புதிதாக ஒன்று செய்தார். முழுப் பொட்டலம் வாங்க முடியாதவர்களுக்காக, பிரித்து ஐம்பது ஐம்பது கிராமாகக் காகிதத்தில் மடித்து விற்றார்.

அந்த மடிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அக்கா பார்த்தார். குழந்தைகள் இரண்டும் இப்போது ஓடித் திரிந்தன.

"இப்ப எல்லாக் கடையிலயும் இருக்குக்கா. தேடவே வேணாம்" என்றாள். "ஆனா ஒரு கரண்டி போடற இடத்துல அரைக் கரண்டிதான் போடறேன். வெள்ளையா இருக்கு, குடிச்சிடறாங்க."

அக்காவால் அதைக் கேட்டுக்கொண்டு படியேறிப் போக முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பின்பக்கம் எழுதியது, வெளிநாட்டுப் பெண் வந்தது, அறிக்கை, எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குப் பாதி புரிந்தது.

"நீங்க எழுதினதாலயாக்கா விலை ஏறிச்சு?"

"தெரியலம்மா. நான் எழுதாட்டியும் ஏறியிருக்கும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"நீங்க எழுதாம இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காது."

"அப்ப சரிதான்க்கா" என்றாள். ஆனால் அது சரி என்கிற குரலில்லை. அக்கா தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கப் போனார். அவள் வாங்கவில்லை. ஒரு குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், துணி காயப்போட்டு வருகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அது அக்காவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மடியில் இருந்தது. உழைத்துக் களைத்து வந்த கணவர் அந்தப் பக்கமாகப் படியேறி, "என்ன ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதிய முறையில் கடைகளுக்கு ஆள் போவது குறைந்துவிட்டது. பெரிய கடைகளின் ரசீதுகள் கம்பி வழியாக நேரே எங்கள் கணினிக்கு வந்துவிடுகின்றன. அக்காவிடம் கடைத்தெருவில் ஆறு கடைகளை மட்டும் விட்டுவைத்து, வீட்டு வாடகை கேட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். பட்டியலில் அது புதிது. வாடகைக்கு இருப்பவர்களிடம் எவ்வளவு என்று கேட்பது சுலபம். சொந்த வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்கவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது: இந்த வீட்டை நீங்களே வாடகைக்கு எடுத்திருந்தால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?

முதல் நாளே ஒரு வயதான தம்பதியிடம் மாட்டிக்கொண்டார். அந்த அய்யா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"யாருக்குக் கொடுக்கணும்?"

"யாருக்கும் இல்லைங்க. ஒரு கணக்குக்குத்தான். உங்க வீட்டுல நீங்களே குடியிருந்தா..."

"நான்தானே குடியிருக்கேன்?"

"ஆமாங்க. அதுக்கு வாடகை?"

"எனக்கு நானே வாடகை கொடுக்கணுமா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கூடச் சொல்லிடாதீங்க, வரி போட்டுடுவாங்க." கொஞ்சம் கழித்து, "ரொம்பக் கம்மியாவும் சொல்லாதீங்க, வீடு மட்டம்னு நெனச்சுக்கப் போறாங்க."

அந்த அய்யா வாசலுக்கு வந்து, திரும்பி நின்று, வேறு யாரோ ஒருவரின் வீட்டைப் பார்ப்பது போலத் தன் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். சுவரில் விரிசல் இருந்த இடத்தில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். பிறகு ஒரு தொகையைச் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். தெருவில் பத்தடி போயிருக்க மாட்டார், பின்னால் செருப்புச் சத்தம். அய்யா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அம்மா, அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. யோசிச்சுப் பாத்தேன். அவ்வளவு கொடுக்க என்னால முடியாது."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா தாளை மேசையில் வைத்தார். இரண்டு தொகைகள் இருந்தன. எதை ஏற்றுவது என்று கேட்டேன். முதலில் சொன்னது வீட்டின் விலை, பிறகு சொன்னது மனுஷனின் நிலைமை, இரண்டில் அலுவலகத்துக்கு எது வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல் என்றார். நான் புரட்டினேன். அக்கா எதிரே உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.